பட்டினித் தட்டில் ஒரு சொட்டு

அந்த ஆய்வகத்தில் அவளுக்குக் கதவக்கா என்று பெயர். செல் வளர்க்கும் இன்குபேட்டரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது அரை நிமிடம் யோசித்தால் போதும், பக்கத்து அறையிலிருந்து "கதவு!" என்று ஒரு சத்தம் வரும். முப்பத்தேழு டிகிரியில், தாய் மடிச் சூட்டில் இருக்கிற செல்களுக்குக் குளிர்காற்று ஆகாது. இதைப் பட்டம் வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை வற்றிவிட்டது. "வீட்டுல ஃபிரிட்ஜ் கதவையாவது மூடுவாங்களா இதுங்க?" என்று புலம்புவாள். பட்டம் வாங்கியவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள், மறுநாளும் திறந்து வைப்பார்கள்.

இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் கண்ணாடிக் குடுவை கழுவுகிற வேலைக்கு வந்தவள் அவள். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. வந்த சில நாளிலேயே, செல் வளர்த்துக்கொண்டிருந்தவள் பிரசவத்துக்குப் போனபோது, "இரண்டு வாரம் பார்த்துக்கோம்மா" என்று பெரியவர் அவளிடம் விட்டார். பெரியவர் என்றால் ஆய்வகத்தின் தலைவர். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதுதான், ஆனாலும் பெரியவர். பிரசவத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை. இரண்டு வாரம் இருபத்தேழு வருடமாகிவிட்டது.

அவள் வளர்ப்பது எலியின் கணையத்தில் வந்த ஒரு கட்டியிலிருந்து எப்போதோ எடுத்த செல்கள். எலி போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாயிற்று. செல்கள் மட்டும் சாகாமல், இன்சுலின் சுரந்துகொண்டு, தேசம் தேசமாக ஆய்வகங்களில் குடித்தனம் நடத்துகின்றன. ஞாயிற்றுக்கிழமைகூட, அவை ஊறிக்கிடக்கிற திரவமான மீடியத்தை மாற்ற வேண்டும். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், அவள் வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்றுமுன் கேட்பார்: "எலிப் புள்ளைங்க சாப்பிட்டாச்சா? இனிமே நாங்க சாப்பிடலாமா?" இருபது வருடமாக இதே கேள்வி. முதல் தடவை சிரித்ததற்கு இன்றுவரை அனுபவிக்கிறாள்.

வளர்ச்சி ஹார்மோன் என்றால் பிள்ளைகள் உயரமாவதற்கு என்றுதான் பலரும் நினைப்பார்கள். அது இன்சுலின் செல்லின் வாசலிலும் வந்து தட்டும். தட்டியதும் உள்ளே ஒரு செய்தி கைமாறிக் கைமாறி நடுவறை வரைக்கும் போகும். செல் பெருகும், இன்சுலினும் கூடும். ஆனால் அந்தச் செய்தி ஓயாமல் ஓடினால் குடும்பம் உருப்படாது என்று செல்லுக்கே தெரியும். ஆகவே செய்தி வந்த கொஞ்ச நேரத்தில் தானே ஒரு பிரேக் புரதத்தைச் செய்து அதை நிறுத்திவிடும். பெரியவர் கண்டுபிடித்தது என்னவென்றால், மற்ற செல்களில் ஹார்மோன் வந்த பிறகுதான் பிரேக் வருகிறது, இன்சுலின் செல்லிலோ ஹார்மோன் வருவதற்கு முன்பே பிரேக் பாதி அழுத்தியபடி காத்திருக்கிறது என்பது. மூன்று வருட வேலை. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தச் செல்களைப் பெருக்கித் தர முடியாமல் போவதற்கே இதுதான் காரணமாக இருக்கலாம் என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தச் சோதனைக்குச் செல்களைப் பட்டினி போட வேண்டும். வழக்கமாக மீடியத்தில் பத்துக்கு ஒரு பங்கு சீரம் கலப்பார்கள். கன்றின் ரத்தத்திலிருந்து எடுக்கிற தெளிநீர் அது. சத்தும் அதில்தான், வளர்ச்சி ஹார்மோன் மாதிரியான சமாச்சாரங்களும் அதில்தான். அதை நிறுத்தி, ஒரு ராத்திரி முழுக்க வெறும் மீடியத்தில் போட்டு, எல்லாச் செய்தியும் அடங்கிய பிறகுதான் ஹார்மோனைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். பட்டினி கிடக்கிற செல்கள் லேசில் நிற்காது. தட்டின் அடியை விட்டு உரிந்து, பழைய சுண்ணாம்பு மாதிரி மிதக்கும். உலகம் முழுக்க இதே தலைவலி. கதவக்காவின் தட்டில் மட்டும் ஒரு செல்கூட அசையாது.

"கைராசி" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "கைராசியும் இல்ல, கால்ராசியும் இல்ல. கையை ஒழுங்கா கழுவுறேன், நேரத்துக்கு வரேன், கதவை மூடுறேன்" என்பாள். அவர்கள் செய்தால் திறமை, இவள் செய்தால் ராசியா? என்ன நியாயம் இது! ஆனால் இந்தத் தடவை அந்த ராசிக்கு ஒரு மரியாதை வந்திருந்தது. கட்டுரையை எழுதி முடித்த பெரியவர் அவளைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். தலைப்புக்குக் கீழே ஐந்து பெயர்கள், நாலாவதாக அவளுடையது. இத்தனை வருடத்தில் எத்தனையோ கட்டுரைகள் அவள் வளர்த்த செல்களால் வெளிவந்தன. ஒன்றிலும் அவள் பெயர் வந்ததில்லை. "உங்க கை இல்லன்னா இது இல்லம்மா" என்றார் பெரியவர். அன்று வீட்டுக்குப் போய் எதுவும் சொல்லாமல் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவதைப் பார்த்துக் கணவர்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டார். மறுநாள் லிஃப்ட் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது.

பத்திரிகை ஒரு முட்டுக்கட்டை போட்டது. வேறொரு ஆய்வகமும் இதைச் செய்து காட்ட வேண்டும், அப்புறம்தான் அச்சு என்றது. பெரியவர் ஒரு நண்பரின் ஆய்வகத்துக்குச் செல்களையும் செய்முறைத் தாளையும் அனுப்பினார். அங்கே ஐந்து மாதம் முயன்றார்கள், அதே முடிவு வரவில்லை. கடைசியில் அதைச் செய்துகொண்டிருந்த பெண்ணையே, ஒரு மாதம் கற்றுக்கொண்டு வா என்று அனுப்பிவைத்தார்கள். அப்படியும் வரவில்லையென்றால் அவளுடைய ஆராய்ச்சித் தலைப்பை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

வந்தவளுக்கு இரண்டாம் நாளே 'கேள்வி' என்று பெயர் விழுந்துவிட்டது. வாயைத் திறந்தால் கேள்விதான். "ஏன் இடது பக்கத்துலேர்ந்து ஊத்துறீங்க? ஏன் இரண்டு தடவை தட்டுறீங்க? மூடியைத் திருப்பி வைக்கணுமா, நேரா வைக்கணுமா?" கதவக்கா பொறுத்துப் பார்த்தாள். பொறுமை அவளிடம் எப்போதுமே கையிருப்பு குறைவு. "இங்க பாரு, வாயை மூடிக்கிட்டுக் கண்ணால பாரு. நான் யாரைக் கேட்டுக் கத்துக்கிட்டேன்?" என்று அதட்டினாள். அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு, சின்ன நோட்டில் எழுத ஆரம்பித்தாள். அதுவும் கதவக்காவுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று செய்தார்கள். ஒரே செல், ஒரே இன்குபேட்டர், ஒரே தாள். அக்காவின் தட்டில் செல்கள் சிவனே என்று கிடந்தன. கேள்வியின் தட்டில் காலையில் பார்த்தால் பாதி மிதந்தது. மிஞ்சியதைக் கரைத்து, புரதங்களைப் பிரித்துப் படம் பிடித்தால், ஹார்மோன் கொடுக்குமுன் பிரேக் புரதம் இருக்க வேண்டிய இடம் காலி. அக்காவின் படத்தில் அதே இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை. மூன்று வாரம், ஏழு தடவை, ஏழு தடவையும் இதே கதை.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றார் பெரியவர், அந்தப் பெண் காதில் விழும்படியே. அவருக்கும் எரிச்சல். பத்திரிகைக்காரன் வாரம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருந்தான்.  அன்றோடு அந்தப் பெண் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டாள். தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, பிப்பெட்டில் தண்ணீரை உறிஞ்சித் தராசில் விட்டு எடை பார்த்தாள். நூறு தடவை உறிஞ்சி, நூறு தடவை எடை. தன் கை சரியாக அளக்கிறதா என்று பார்க்கிறாளாம். எண்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. அதைப் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கதவக்காவுக்கு அவளைப் பார்க்கவும் பொறுக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. "கையைக் கொஞ்சம் சும்மா வைடி அம்மா!" என்று கத்திவிட்டுக் குடுவை அறைக்குப் போய் நின்றுகொண்டாள்.

நாலாவது வாரத்தில் ஒரு நாள் காலை, கணவரை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அவருக்கு இரண்டு வருடமாகச் சர்க்கரை. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். பரிசோதனை நிலையத்தில் டோக்கன் வாங்கி, பிளாஸ்டிக் நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு முறை வந்தது.

ரத்தம் எடுக்கிற பெண் அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "வெறும் வயிறுதானே ஐயா?"

"ஆமா, ஆமா. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டதுதான்."

"தண்ணி தவிர எதுவும் குடிக்கலையே?"

"எதுவும் இல்லம்மா. காலையில ஒரு அரை கிளாஸ் டீ. அவ்வளவுதான்."

கதவக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "டீயா? எப்ப குடிச்சீங்க?"

"நீ குளிக்கப் போனப்போ. அரை கிளாஸ்தானே. அதுல சர்க்கரையும் ஒரு ஸ்பூன்தான். வெறும் வயித்துல தலை சுத்தி விழுந்துட்டா?"

"அப்போ வெறும் வயிறுன்னு எதுக்குச் சொன்னீங்க?"

"டீயெல்லாம் சாப்பாட்டுக் கணக்குல வருமா?"

அவளுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பதையும் அவள் பொருட்படுத்தவில்லை. "அரை கிளாஸா இருந்தா என்ன, அரை ஸ்பூனா இருந்தா என்ன! உள்ள போனா போனதுதான்! விழுந்துடுவோம்னு நீங்களா ஒண்ணைக் குடிச்சிட்டு, வெறும் வயிறுன்னு எழுதிக் குடுத்தா, வர்ற நம்பர் யாரோட நம்பர்? அதைப் பார்த்து டாக்டர் மருந்தைக் கூட்டிக் குடுத்தா யார் பொறுப்பு? தலை சுத்தும்னு பயமா இருந்தா அதைச் சொல்லித் தொலைச்சிருக்கணும்…"

அங்கே நிறுத்தினாள். கையைத் தூக்கியபடியே நின்றாள். கணவர் அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "சரி, சரி, நாளைக்கு வந்துடலாம்" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை பட்டினித் தட்டுகள் எல்லாமே ஒரே ராத்திரியில் மிதந்துவிட்டன. அன்று பெரியவர் சத்தம் போட்டார். குடுவை கழுவ வந்தவளிடம் செல்லைக் கொடுத்தது என் புத்தி என்று சொன்னார். அடுத்த வாரம் அவள் வெறும் மீடியத்தை ஊற்றி முடித்ததும் ஒவ்வொரு தட்டிலும் ஒரு சொட்டு சீரம் விட்டாள். பத்து மில்லி மீடியத்தில் ஒரே ஒரு சொட்டு. செல்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. அப்போது நடந்த சோதனைகள் வேறு. அந்தச் சொட்டால் அவற்றுக்கு ஒரு கேடும் இல்லை. அப்புறம் அது கைப்பழக்கமாகிவிட்டது. கோலியைச் சுண்டுகிற மாதிரி, நினைக்காமலே விரல் அதைச் செய்யும். நோட்டில் எழுதியதில்லை. எழுதாததை மறைத்ததாகவும் அவளுக்குத் தோன்றியதில்லை. ஒரு சொட்டெல்லாம் சாப்பாட்டுக் கணக்கில் வருமா?

கணவரைப் பஸ் ஏற்றிவிட்டு ஆய்வகத்துக்குப் போனாள். அன்று மாலை தானே பன்னிரண்டு தட்டு எடுத்தாள். ஆறில் வழக்கம்போல் சொட்டு. மற்ற ஆறில் சொட்டு இல்லை, செல்கள் உரியாமல் இருக்கக் கழுவிச் சுத்தமாக்கிய ஆல்புமின் புரதம் கொஞ்சம். இந்த யோசனை அந்தப் பெண் முதல் வாரத்தில் சொன்னதுதான். எங்களுக்கு அதெல்லாம் தேவையில்லை என்று இவள்தான் தட்டிக்கழித்திருந்தாள். எதில் சொட்டு, எதில் இல்லை என்று ஒவ்வொரு தட்டிலும் எழுதினாள். சொட்டு இல்லாத தட்டுகளை உள்ளே வைக்கும்போது விரல் இரண்டு தடவை தானாகச் சீரம் பாட்டிலுக்குப் போனது. சனியன் பிடித்த விரல் என்று வாய்விட்டே திட்டினாள்.

மூன்றாம் நாள் படம் வந்தது. சொட்டு விட்ட தட்டுகளில், ஹார்மோன் வருமுன்னரே கறுப்புப் பட்டை. சொட்டு இல்லாத தட்டுகளில் அந்த இடம் வெள்ளை. ஹார்மோன் கொடுத்து அரை மணி கழித்துத்தான் அங்கே பிரேக் தலைகாட்டியது, மற்ற எல்லாச் செல்களையும்போல. இன்சுலின் செல்லுக்கென்று தனிப் பிரேக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவள் விட்ட சொட்டிலிருந்த ஹார்மோனுக்குத்தான் அது ராத்திரியெல்லாம் பிரேக் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. கேள்வியின் ஏழு படங்களும் சரியான படங்கள்.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் குடுவை அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் தெரியாது. இன்னும் ஒரு வாரத்தில் அந்தப் பெண் ஊருக்குப் போய்விடுவாள். பெரியவர் வேறு எங்காவது இன்னொரு ஆய்வகத்தைப் பிடிப்பார். அங்கே தட்டு போட இவளையே அனுப்பினாலும் அனுப்புவார். நாலாவது பெயர் அச்சில் வரும். அதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று விடவில்லை.

கடைசியில் எழுந்து பெரியவர் அறைக்குப் போனாள். படத்தை மேசையில் வைத்து, சொட்டைப் பற்றிச் சொன்னாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"எத்தனை வருஷமா?"

"ஒன்பது வருஷமா சார்."

"ஒன்பது வருஷத்துல ஒரு நாள்கூட என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"ஒரு நாள்கூட நீங்க கேக்கல சார். கைராசின்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க."

அவருக்கு முகம் சிவந்தது. எழுந்து ஜன்னல் வரைக்கும் போய் வந்தார். "ஒரு சொட்டு. அரை சதவீதம்கூட முழுசா வராது. செய்முறையில 'குறைந்த சீரம்'னு ஒரு வார்த்தை மாத்திட்டா போச்சு. பாதிப் பேர் அப்படித்தான் செய்யறான்."

"அப்போ கண்டுபிடிச்சது என்ன சார்? சாப்பாடு போட்டா சாப்பிடும்னா?"

 பெரியவர் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் தன் கையால் தட்டு போட்டவர்தான். பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "மூணு வருஷம்!" என்றார். "பத்திரிகைக்கு நானே எழுதி வாபஸ் வாங்குறேன். அந்தப் பொண்ணோட தலைவருக்கும் இப்பவே போன் பண்றேன். கட்டுரை இல்லம்மா. உங்க பேரும் இல்ல. தெரியும்ல?"

"தெரியும் சார்."

கேள்வி செல் அறையில் தராசுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கதவக்கா ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது, அந்தப் பெண் அழுவாள், அல்லது நிம்மதியில் சிரிப்பாள், இரண்டில் ஒன்று என்று நினைத்திருந்தாள். கையைப் பிடித்துக்கொள்வாள் என்றுகூட ஓர் ஓரத்தில் நினைப்பு இருந்தது. உண்மையைச் சொல்வதற்கு தான் கொடுத்த விலை அவளுக்கல்லவா தெரியும்.

கேள்வி அழவில்லை. பிப்பெட்டைத் தாங்கியில் மாட்டினாள். "நான் கேட்டேன் அக்கா" என்றாள்.

"என்னம்மா?"

"வந்த ரெண்டாம் நாள். அது என்ன சொட்டுன்னு கேட்டேன். 'உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி, ஒண்ணுமில்ல போ'ன்னீங்க. நோட்டுல எழுதியிருக்கேன். 'சொட்டு, ஒண்ணுமில்லையாம்'னு." குரல் உயர்ந்தது. "ஆறு மாசம் அக்கா! ஆறு மாசமா நான் என் கையைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன். வீட்டுல ஒரு டம்ளர் தண்ணி ஊத்தும்போதுகூட அளவு சரியான்னு ரெண்டு தடவை பாக்குறேன். உங்களைக் கேட்டேன் நான்!"

கதவக்கா யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு அது ஞாபகமே இல்லை. அந்தப் பெண் கேட்டதும் நினைவில்லை, தான் சொன்னதும் நினைவில்லை. சொல்லியிருப்பாள் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. மன்னிப்புக் கேட்கலாமென்று வாயெடுத்தாள். அதற்கு ஏற்ற வார்த்தை ஒன்றும் அகப்படவில்லை. இருபத்தேழு வருடமாக மற்றவர்களைத் திட்டிப் பழகிய வாய்.

கேள்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பன்னிரண்டு தட்டுகளை எடுத்து அடுக்கினாள். சின்ன நோட்டையும் பேனாவையும் கதவக்காவின் மடியில் வைத்தாள்.

"இன்னிக்கு நான் போடறேன். நீங்க எதையும் தொடாதீங்க. நான் கை வைக்கிற ஒவ்வொண்ணையும் எழுதுங்க. புரியலைன்னா கேளுங்க."

கதவக்கா பேனா மூடியைக் கழற்றினாள். அந்தப் பெண் முதல் தட்டைச் சாய்த்து, பழைய மீடியத்தை ஓரமாக உறிஞ்சினாள். எல்லோரும் வலது ஓரத்தில் உறிஞ்சுவார்கள், இவள் இடது ஓரத்தில் உறிஞ்சினாள். 

"அது ஏம்மா அந்தப் பக்கம்?" என்று கதவக்கா கேட்டாள். பதில் வரும்வரை எழுதாமல் காத்திருந்தாள்.